ரயில் விருந்துக்கு எந்த ஒயின்: நுரை பொங்குவதா, குளிர்ந்த சிவப்பா?

மலைப்பாதை ரயிலில் இரண்டு முறை மதிய விருந்து சாப்பிட்டிருக்கிறேன். முதல் தடவை ஷாம்பெயின் பாணி நுரை ஒயின். இரண்டாம் தடவை லேசாகக் குளிரவைத்த கமே என்கிற சிவப்பு. அடுத்த பயணத்துக்கும் கமேதான்.

நுரை ஒயினின் பலம் தெரிந்ததுதான். புளிப்பும் குமிழும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து வழித்தெடுத்துவிடும். பொரித்த அயிட்டம், உப்புத் தூக்கலான சீஸ், சிப்பி, இறால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வண்டி கிளம்பும் நேரத்தில் குடிக்கிற முதல் கிளாஸுக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

சிக்கல் இரண்டாவது கிளாஸில். இந்த மாதிரி வண்டிகளில் கண்ணாடி ஜன்னல் கூரை வரை வளைந்து ஏறும். காட்சிக்கு அது வரம், ஒயினுக்குச் சாபம். பெட்டிக்குள் ஏசி ஓடினாலும் மேஜைமேல் வெயில் நேராக விழுகிறது. நுரை ஒயினுக்கு உகந்தது 6 முதல் 10 டிகிரி. என் கிளாஸின் வெளிப்பக்கம் பூத்திருந்த வியர்வை, சூப் முடிவதற்குள் காய்ந்துவிட்டது. சூடு ஏற ஏறக் கரியமில வாயு திரவத்தில் தங்காது. வண்டியின் ஆட்டம் வேறு அதைக் கிளப்பிவிடும். மெயின் கோர்ஸ் வந்தபோது கிளாஸில் மிச்சமிருந்தது வெதுவெதுப்பான புளிப்பு மட்டும். ஐஸ் வாளி கேட்கலாம்தான், ஆனால் அந்தக் குறுகலான மேஜையில் வாளியை வைத்தால் தட்டை எங்கே வைப்பது?

கமே இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. பிரான்ஸின் போஜொலே பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த திராட்சை அது. அங்கே பழங்களை நசுக்காமல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் போட்டுப் புளிக்கவிடுவது வழக்கம். அதனால் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு குறைவு. துவர்ப்பு கம்மி என்றால் சிவப்பையும் தைரியமாகக் குளிரவைக்கலாம். காபர்னே சாவிஞ்ஞோன் மாதிரி கனமானதைக் குளிரவைத்தால் நாக்கு வறண்டுபோகும். என் கிளாஸ் கிட்டத்தட்ட 12, 13 டிகிரியில் வந்திருக்கும். அப்போது புத்தம்புது செர்ரி வாசனை. மீன் போய்க் கோழியும் காளானும் வந்த நேரத்தில் அது தானாகவே கொஞ்சம் சூடேறி, மிளகும் மண்வாசனையும் மேலே வந்தன. வெயில் ஒரு ஒயினைக் கெடுக்கிறது, இன்னொன்றை மலர்த்துகிறது. நான்கு கோர்ஸுக்கும் ஒரே பாட்டில் போதுமானதாக இருந்தது. பினோ நுவார் என்கிற இன்னொரு சிவப்பும் இதே குணம் கொண்டதுதான், தோல் மெல்லிசு.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்துதான் கடலுணவோடு சேரும்போது வாயில் மீன்வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். எனக்கு வந்த சால்மனில் அந்த வாடை எழவில்லை, தப்பித்தேன். மெனுவில் சிப்பி இருந்தால் நுரை ஒயினே வாங்குங்கள்.

வயதான கனத்த சிவப்பைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அடியில் படிந்த வண்டல் முதல் வளைவிலேயே கலங்கிவிடும்.

இரவு ரயிலில் நான் சாப்பிட்டதில்லை. வெயில் இல்லாதபோது என் வாதத்தில் பாதி உதிர்ந்துபோகும். அங்கே நுரை ஒயின் கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடும்.

கமே எடுப்பவர்கள் இருக்கையில் உட்கார்ந்த கையோடு, "பாட்டிலை இருபது நிமிஷம் ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள்" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். சிவப்பு என்றாலே அறைச் சூட்டில் கொண்டுவந்து ஊற்றுவதுதான் அவர்கள் பழக்கம்.