வெயில் காய்வதில் யார் கெட்டிக்காரர்: லெமூரா, மட்டியா?

ஒன்று மரத்துக்கு மரம் தாவுவது, இன்னொன்று கடலடியில் கிடந்த இடத்திலேயே கிடப்பது. இரண்டையும் எதை வைத்து ஒப்பிடுவது? வெயிலை வைத்துத்தான். குரங்கு ஜாடையில் இருக்கும் வளையவால் லெமூரும், சிப்பி இனத்தைச் சேர்ந்த ராட்சத மட்டியும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வெயில் காய்பவை.

தெற்கு மடகாஸ்கரில் பொழுது விடிந்ததும் லெமூர் தரையில் சம்மணம் போட்டு உட்காரும். கைகளை முழங்காலில் வைத்து, வெளுத்த வயிற்றைச் சூரியனுக்குக் காட்டும். சாமியார் ஒருவர் நிஷ்டையில் இருப்பதுபோலவே இருக்கும். குளிர் விட்டதும் நிஷ்டை கலையும், வயிற்றுப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். ஆற்றோரக் காடுகளில் அதற்குப் பெரிதும் சோறு போடுவது நமக்குத் தெரிந்த அதே புளியமரம்தான். கொழுந்தையும் விடாது, பழத்தையும் விடாது.

ராட்சத மட்டி வேறு ரகம். 1 மீட்டருக்கு மேல் நீளம், 200 கிலோவுக்கு மேல் எடை. பவளப்பாறையில் இருந்தபடி தன் சிப்பி ஓட்டைத் திறந்து, நீலமும் பச்சையுமாக மினுங்கும் சதையை மடிப்பு மடிப்பாக வெளியே விரித்து வைக்கும். அந்தச் சதைக்குள் கோடிக்கணக்கில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு மட்டிக்குப் போகிறது. போதாததற்குக் கடல்நீரை வடிகட்டியும் தின்னும். ஆக, லெமூருக்கு வெயில் வெறும் கணப்பு. மட்டிக்கோ அடுப்படியே அதுதான். இந்தச் சுற்றில் என் ஓட்டு மட்டிக்கே.

அதற்குத் தலையும் இல்லை, மூளையும் இல்லை. ஆனால் சதையின் விளிம்பில் நூற்றுக்கணக்கில் ஊசித்துளைக் கண்கள் உண்டு. மேலே நிழலாடினால் போதும், சதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். முத்துக்குளிப்பவர்களின் காலைக் கவ்வி மூழ்கடிக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை. அது மூடுவதே மெதுவாகத்தான். பெரியவற்றால் முழுசாக மூடவும் முடியாது.

சண்டை, சச்சரவு என்று பார்த்தால் லெமூரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டத்தில் பெண் வைத்ததே சட்டம். ஆண்கள் மணிக்கட்டுச் சுரப்பியின் வாடையை வாலில் பூசி, எதிராளியை நோக்கி வீசி மோதிக்கொள்ளும்! நம் தேவாங்குக்குத் தூரத்து உறவு என்றால் நம்புவது கஷ்டம். அது பாவம், ராத்திரியில் ஓசைப்படாமல் நடமாடும் பிராணி. 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் ஊகித்த லெமூரியாக் கண்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் இந்த லெமூர்தான்.

பிள்ளைப்பேற்றிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லெமூர் பெரும்பாலும் ஒரே குட்டி போட்டு, அதை வயிற்றிலும் முதுகிலும் சுமந்து திரியும். மட்டியோ ஒரே உடலில் ஆணும் பெண்ணும். கோடிக்கணக்கில் முட்டைகளைக் கடலில் கொட்டிவிட்டு அதோடு மறந்துவிடும். தப்பிய குஞ்சு ஏறக்குறைய ஒரு வாரம் நீந்தித் திரியும். அப்புறம் தோதான இடம் பார்த்து உட்கார்ந்தால், வாழ்நாள் முழுக்க அங்கேதான்.