டிக் புரோப் லேபிள் செய்து தருபவர்களிடம் முதலில் டாட் பிளாட் படம் கேளுங்கள்

சதர்ன் பிளாட் (வெட்டிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டி, மெம்பரேனுக்கு மாற்றி, அதில் ஒரு மரபணுவைத் தேடும் சோதனை) செய்யப்போகும் ஆய்வு மாணவர்களுக்காக எழுதுகிறேன். "டிஎன்ஏ அனுப்புங்கள், டிக் லேபிள் போட்டுத் திருப்பித் தருகிறோம்" என்று கோட்டேஷன் கொடுத்த ஒரு நிறுவனத்திடம் எங்கள் லேப் நன்றாக ஏமாந்தது. பில் தகராறு இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு புரோப், அதாவது தேடும் மரபணுவோடு போய் இணையும், அடையாளம் (லேபிள்) ஒட்டிய டிஎன்ஏ துண்டு. மரபணு மாற்றிய நெல்லில் ஹைக்ரோமைசின் எதிர்ப்பு மரபணு எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பி-32 என்ற கதிரியக்கப் பாஸ்பரஸை லேபிளாக வைத்துச் செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, தனி அறை, கழிவு ஏற்பாடு எல்லாம் வேண்டும். போதாததற்கு 14 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். டிக் என்று சுருக்கிச் சொல்லும் டிஜாக்சிஜெனினில் அந்தத் தொல்லை இல்லை. டிஜிடாலிஸ் செடியிலிருந்து வரும் பொருள் அது, நெல்லில் இயற்கையாக இருக்காது, ஆகவே அதைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி வேறெங்கும் போய் ஒட்டிக் குழப்பாது. ஒரு புரோப்புக்காக முழு கிட் வாங்க மனமில்லாமல்தான் சேவையை நாடினோம்.

குழாயோடு அழகான ரிப்போர்ட் வந்தது. நானோடிராப் கருவி காட்டிய டிஎன்ஏ அளவு பிரமாதம், ஜெல் படத்தில் பளிச்சென்று டிஎன்ஏ பட்டை (பேண்ட்). ஆனால் பிளாட்டில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு லேனிலும் 10 மைக்ரோகிராம் டிஎன்ஏ வெட்டி ஓட்டியிருந்தோம். செடிகளை விடுங்கள், பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைத்த, அந்த மரபணு உள்ள பிளாஸ்மிட் டிஎன்ஏகூடத் தெரியவில்லை. அதே மெம்பரேனில் டிக் லேபிள் போட்ட மார்க்கர் (நீளம் காட்டும் டிஎன்ஏ துண்டுகள்) மட்டும் படிப்படியாகத் தெளிவாக வந்திருந்தது. அதாவது ஆன்டிபாடி, ஒளி தரும் சிஎஸ்பிடி வேதிப்பொருள், ஃபிலிம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன.

போன் செய்தால், "மேடம், உங்க டிரான்ஸ்ஃபர் சரியா ஆகியிருக்காது" என்றார் விற்பனைப் பிரதிநிதி. அப்புறம் ஹைபிரிடைசேஷன் (புரோப் போய் இணையும் கட்டம்) வெப்பநிலையைக் குறைக்கச் சொன்னார். அப்புறம் எக்ஸ்போஷரைக் கூட்டச் சொன்னார். சரி, டிரான்ஸ்ஃபரும் வேண்டாம், ஹைபிரிடைசேஷனும் வேண்டாம் என்று டாட் பிளாட் போட்டோம். புரோப்பைப் படிப்படியாக நீர்த்து நேராக மெம்பரேனில் சொட்டு வைத்து, யுவியில் ஒட்டவைத்து, ஆன்டிபாடி போட்டு நிறம் பார்ப்பது, அவ்வளவுதான். ஒரு மதியத்தில் முடிந்துவிடும். நன்றாக லேபிள் ஆன புரோப் என்றால் 0.1 பிகோகிராம் வரை புள்ளி தெரிய வேண்டும். பக்கத்து லேபில் வாங்கி வைத்த லேபிள் கன்ட்ரோல் (சரியாக லேபிள் ஆன டிஎன்ஏ) அப்படித்தான் தெரிந்தது. இவர்களுடையது முதல் ஒன்றிரண்டு சொட்டோடு சரி.

உண்மை அவர்களுடைய ரிப்போர்ட்டிலேயே இருந்தது. எங்கள் போஸ்ட்டாக் அக்கா ஜெல் படத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டார். லேபிள் போட்டது, போடாதது இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆரில்தான் லேபிளும் போடுகிறார்கள்; அதில் டிக் ஏறிய துண்டு கனமாகி மெதுவாக நகரும், பேண்ட் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். மேலே நிற்கவில்லை என்றால் டிக் ஏறவில்லை.

பிசிஆர் லேபிளிங்கில் டிஎன்ஏவின் நான்கு நியூக்ளியோடைடு கட்டுமானப் பொருள்களில் ஒன்றான டிடிடிபி-யின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக, டிக் ஒட்டிய டிக்-டியூடிபி போடுவது வழக்கம். விலையெல்லாம் அதில்தான். அதைக் குறைத்தால் பிசிஆர் கெட்டுப்போகாது, இன்னும் நன்றாக ஓடும், ஏனென்றால் டிக் ஒட்டிய நியூக்ளியோடைடு, டிஎன்ஏவைக் கட்டும் பாலிமரேஸ் நொதிக்கு ஒரு தடை. பேண்ட் பளிச்சிடும், நானோடிராப் எண்ணும் ஏறும். நானோடிராப்புக்கு லேபிள் உள்ள டிஎன்ஏ, இல்லாத டிஎன்ஏ என்ற வித்தியாசமே தெரியாது. ஏமாற்ற ஏமாற்ற ரிப்போர்ட் அழகாகும் வேலை இது. வேண்டுமென்றே குறைத்தார்களா, நீர்த்துப்போன பழைய நியூக்ளியோடைடு மிக்ஸா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. காசு வாங்கிய பொருள் குழாயில் இல்லை, அது மட்டும் உறுதி.

கூட வந்த வழிமுறைத் தாளையும் சொல்ல வேண்டும். புரோப்பின் இரண்டு இழைகளையும் சோடியம் ஹைட்ராக்சைடு (காரம்) சேர்த்துப் பிரிக்கச் சொல்கிறது. புரோப்பைக் கழற்றிவிட்டு மெம்பரேனை மறுபடி பயன்படுத்த வசதியாக, காரத்தில் அறுந்துபோகும் டிக்-டியூடிபி ஒரு வகை உண்டு. இவர்கள் பில்லில் அதைத்தான் போட்டிருந்தார்கள். அதற்குக் காரம் ஊற்றினால் இருக்கிற லேபிளும் போய்விடும். கொதிக்கவைத்து உடனே ஐஸில் வைப்பதுதான் சரி, நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்கோ பி-32 தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் போல.

ஆர்டர் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: லேபிள் கன்ட்ரோலோடு சேர்த்து எடுத்த டாட் பிளாட் படம், டிக்-டியூடிபி எந்த வகை, எந்த விகிதம். டாட் பிளாட் சரியாக வந்தபின்தான் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே போடச் சொல்லுங்கள். எங்கள் ஆர்டரில் அந்த வரி இல்லாததால் அக்கவுண்ட்ஸ் பிரிவு பணத்தைக் கொடுத்துவிட்டது.

மாற்றுக் குழாய் கேட்டதற்கு பயோட்டின் லேபிள் போட்டு அனுப்பினார்கள். "இதுவும் ரேடியோஆக்டிவ் இல்லாததுதானே மேடம்" என்று பதில். பயோட்டினைப் பிடிக்க ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் வேண்டும், எங்களிடம் இருக்கும் டிக் ஆன்டிபாடிக்கு அது கண்ணிலேயே படாது. கடைசியில் பக்கத்து லேபோடு செலவைப் பகிர்ந்து மிக்ஸ் வாங்கி நாங்களே லேபிள் செய்தோம். பேண்ட் மேலே நின்றது, செடிகளும் தெரிந்தன. நிறுவனத்திடமிருந்து கடைசியாக வந்த மின்னஞ்சலில், பணம் திரும்பாதாம், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவார்களாம்.