கிழி நல்லதுதான், சூடாக இருந்தால்

மூட்டு தேய்ந்துவிட்டதாம், கிழி (மருந்தைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, சூடுபண்ணி உடம்பில் ஒற்றித் தேய்க்கிற வைத்தியம்) போட்டுக்கொள்ளலாமா என்று அண்ணி போனில் கேட்டார். அதற்காகத்தான் இது. எனக்கு மூட்டு இல்லை, இடுப்பு. முதுகெலும்பின் அடிப்பக்கம், எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுக்கம், பல வருடக் கதை. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு பக்கம்தானே, ஆடியில் (அவர்களுக்குக் கர்க்கடகம்) மழையோடு மழையாகப் போய் இலைக்கிழி போட்டுக்கொண்டு வருவேன்.

நொச்சி, ஆமணக்கு, எருக்கு, முருங்கை இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவல், எலுமிச்சை, இந்துப்போடு எண்ணெயில் வதக்கித் துணியில் கட்டுவார்கள். மருந்து இலையில் இருக்கட்டும், என் இடுப்புக்குப் பாதி வேலை செய்வது சூடு. என் சண்டையும் அந்தச் சூட்டோடுதான்.

சட்டியில் ஒற்றி, புறங்கையில் வைத்துப் பார்த்து, உடம்பில் வைத்த கிழி சீக்கிரமே ஆறிவிடும். அதற்குள் அடுத்தது சட்டியில் காய்ந்திருக்க வேண்டும். படுக்கைக்கு இருபுறமும் ஆள், சூடுபண்ணிக் கொடுக்கத் தனி ஆள், அதுதான் முறை. நான் போகும் இடத்தில் கூட்டம் சேர்ந்ததிலிருந்து இரண்டு அறைக்கு ஒரே அடுப்பு. நடந்து வருவதற்குள் கிழி வெதுவெதுப்பாகிவிடுகிறது. "சூடு மதியோ சேச்சி?" (சூடு போதுமா அக்கா) என்று கிழி போடும் பெண் கேட்பாள். போதாது என்றால் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்! தேங்காய் புளித்த வாடை வந்த கிழியையும் நாம் கேட்டால்தான் புதிதாகக் கட்டுகிறார்கள். கட்டணம் மட்டும் வருடாவருடம் ஆறாமல் ஏறுகிறது.

பொய் சொல்லக் கூடாது. போய் வந்தால் கார்த்திகை வரை தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பல் தேய்க்கக் குனிந்தால் பிடிப்பதில்லை. நான் எதிர்பார்க்காதது தூக்கம். பகலில் தூங்கக் கூடாது என்று பத்தியம் வேறு, ராத்திரி அடித்துப்போட்டது மாதிரி வருகிறது. ஸ்கேனில் டிஸ்க் அப்படியேதான் இருக்கிறது, வைத்தியரும் அதை மறைக்கவில்லை. தைக்குள் வலி திரும்பிவிடும்.

அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை உண்டே. பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிற நாளில் எண்ணெய்க்கிழிக்குப் படுக்காதீர்கள். அப்போது வைத்தியர்கள் எண்ணெயில்லாத பொடிக்கிழி பக்கம்தான் போவார்கள். பாலிலும் குறுந்தோட்டி என்ற மூலிகையின் கஷாயத்திலும் வெந்த நவர அரிசியில் (கேரளத்து மருந்து அரிசி) கட்டுவது நவரக்கிழி. தசை மெலிந்தவர்களுக்கு உரியது, விலையும் கூட. காசுக்காக அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால் அந்த இடத்துக்குப் போகவே போகாதீர்கள். வேறு நல்ல வைத்தியசாலை பாருங்கள். நான் இந்த ஆடிக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அடுப்பை என் அறைக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன், செய்கிறார்களா பார்க்கலாம்.