டெல்டா வீட்டில் ஸ்ட்ரிங் குவார்டெட்: வயோலா கேட்கிறதா?

ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை. அதைக் கேட்க வாங்கிய ஸ்பீக்கர் தேறுமா என்று பார்க்க முதல் வயலினை நம்ப வேண்டாம். கைபேசியில்கூட அது கணீரென்றுதான் கேட்கும். வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வயோலாவைத் தேடுங்கள். இரண்டு வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் குரல்தான் முதலில் தொலைவது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் அதைத் தொலைப்பது மலிவான ஸ்பீக்கர் என்பதைவிட மின்விசிறி, வெறும் சுவர், கரண்ட் என்பதே நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது.

சோதித்துப் பார்க்க இசையமைப்பாளர் ஹைடனின் ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 76, மூன்றாம் குவார்டெட் ('எம்பரர்', 1797) போதும். அதன் இரண்டாம் பகுதியில் ஒரே மெட்டுதான். முதல் வயலின் வாசித்து முடித்ததும் இரண்டாம் வயலின், செல்லோ, வயோலா என்று கைமாறி, கடைசியில் முதல் வயலினுக்கே திரும்பும். மெட்டில் சங்கதி எதுவும் சேராது, சுற்றியுள்ள குரல்கள்தான் மாறும். வயோலாவின் முறை வரும்போது மெட்டைத் தேட வேண்டியிருந்தால் அறையில் ஏதோ கோளாறு.

முதல் சந்தேகம் சீலிங் ஃபேன். காற்றிரைச்சல் மெல்லிய இடங்களை மூடிவிடும். அது மட்டுமில்லை, சுழலும் இறக்கையில் பட்டுத் திரும்பும் ஒலி, வயலின் நீட்டிப் பிடிக்கும் சுரத்தை நடுங்க வைக்கும். வாசிப்பவரின் அதிர்வு என்று எண்ணிவிடுவோம். ஃபேனை நிறுத்தி, டேபிள் ஃபேனை முதுகுப்பக்கம் தள்ளி வைத்தால் பாதி தீர்ந்தது. சித்திரை வெயிலில் அதுவும் ஆகாது, விடியற்காலைதான் வழி. கரண்ட் போன நேரத்தில் மடிக்கணினி பேட்டரியில் ஹெட்போன் போட்டுக் கேட்பது தனி சுகம். தெருவில் ஒரு மோட்டாரும் ஓடாது. ஐப்பசியில் தவளைக்கு மட்டும் மாற்று கிடையாது.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையர் ஓடினால் 'ஸ்ர்ர்' என்ற இரைச்சல் வரக்கூடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை குறைவு. சார்ஜர் செருகியதும் 'ம்ம்ம்' என்றால் பெரும்பாலும் எர்த் விவகாரம்தான். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிவப்புத் தரையும் வெறும் சுவருமான கூடத்தில் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று எதிரொலித்தால் நான்கு குரலும் குழம்பித்தான் கேட்கும். தரையில் ஜமுக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி, இவ்வளவு போதும். ஸ்பீக்கர்களை ஆறடி இடைவெளியில், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். மூலையில் ஒட்டினால் செல்லோ உறுமும். தரையில் உட்கார்ந்து கேட்பவருக்குக் காது உயரம் சுமார் இரண்டரை அடி, ட்வீட்டரும் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) அங்கேதான் இருக்க வேண்டும். ஊஞ்சலில் உட்கார்ந்து ஸ்டீரியோ கேட்க முடியாது!

எல்லாம் செய்தும் செல்லோ சோகையாக இருக்கிறதா? ஒரு ஸ்பீக்கரின் வயரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலி கரைந்துபோகும். சின்ன புளூடூத் பெட்டியில் காரணம் வேறு. செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், அந்த அளவுக்கு அது இறங்காது. மேல்சுரங்களை வைத்து காது சுரத்தை ஊகித்துக்கொள்ளும், கனம் மட்டும் வராது.

பீத்தோவனின் ஓபஸ் 131 குவார்டெட்டில் ஏழு பகுதிகள், நிறுத்தாமல் சுமார் 40 நிமிடம். எம்பி3 கோப்பாக வெட்டினால் ஒவ்வொரு சந்திப்பிலும் சிறு இடைவெளி விழக்கூடும்; எம்பி3 ஆக மாற்றும் மென்பொருள் (என்கோடர்) முன்னும் பின்னும் மௌனம் சேர்ப்பதே காரணம். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) கோப்பில் அது இல்லை, முழுதும் 200 எம்பி அளவில் அடங்கும். செயலியில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பதை) அணையுங்கள். ஒலி சமன்செய்தலை 'ஆல்பம்' என்று வையுங்கள். இல்லையென்றால் மெதுவான பகுதி வேகப்பகுதிக்குச் சமமாகக் கத்தும்.

இந்தப் பக்கத்துக் காதுக்கு வயலின் புதிதில்லை. பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கையில் எடுத்ததுதான். அந்தப் பழக்கமே இங்கே இடைஞ்சல். ஒன்றைப் பாட்டாகவும் மற்றதைப் பக்கவாத்தியமாகவும் காது பிரித்துவிடுகிறது. குவார்டெட்டில் தம்பூராவும் இல்லை, ஆதார சுரமும் நடுவழியில் இடம் மாறும். அதனால் தொடக்கத்துக்கு பீத்தோவனின் ஓபஸ் 59, முதல் குவார்டெட் நல்லது. எடுத்தவுடன் மெட்டைச் செல்லோவே தொடங்கிவிடும்.

வாசிக்கும் குழுக்களின் பதிவுகளில் டகாச் குவார்டெட் தெளிவு, குவார்டெட்டோ இத்தாலியானோ இதம். 1930களின் புஷ் குவார்டெட் மோனோ, இரைச்சலும் உண்டு. அதை ஃபில்டர் போட்டு வழித்தெடுத்த பதிப்பை வாங்காதீர்கள், வில்லின் உரசலும் சேர்ந்து போய்விடும். நெருக்கமாக மைக் வைத்த பதிவுகளில் 'ஸ்ஸ்' என்று மூச்சிழுப்பது கேட்கும். பழுது இல்லை, சேர்ந்து தொடங்க அவர்கள் கொடுத்துக்கொள்ளும் சைகை.

ஐப்பசி, கார்த்திகையில் எல்பி இசைத்தட்டு உறைகளில் பூஞ்சணம் பூக்கும். செங்குத்தாக, சுவரில் ஒட்டாமல் அடுக்கி, சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். எல்பியைக் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும், சிடியை நடுவிலிருந்து விளிம்புக்கு.