ஸ்டாக்டனா, பார்க்லியா: யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் கோப்பை?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையைத் தொடாமலே ஓய்வுபெற்ற இந்த இருவரில், ஒருவருக்கு மட்டும் கொடுக்கலாம் என்றால் யாருக்குக் கொடுப்பது?

சார்ல்ஸ் பார்க்லி ஆறரை அடி உயரம்கூட இல்லை என்பார்கள். ஆனாலும் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை நெடிய வீரர்களிடமிருந்து பறித்துக்கொண்டே இருந்தார். 1993இல் ஃபீனிக்ஸ் சன்ஸுக்காக ஆடி எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்) விருது வாங்கினார். அந்த ஆண்டு இறுதிச்சுற்றில் அவரது அணியை மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் 4-2 என வென்றது. கடைசி ஆட்டத்தில் வித்தியாசம் ஒரே புள்ளி. அப்புறம் கோப்பையைத் தேடி ஹூஸ்டன் அணிக்குப் போனார்.

ஜான் ஸ்டாக்டன் எங்கும் போகவில்லை. 19 பருவங்கள், யூட்டா ஜாஸ் மட்டும்தான். மொத்தமே 22 ஆட்டங்களைத்தான் தவறவிட்டார். 15,806 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவிய பாஸ்), 3,265 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது); இரண்டும் இன்றும் முறியாத சாதனைகள். 1997இல் ஹூஸ்டனுக்கு எதிராகக் கடைசி நொடியில் மூன்று புள்ளி ஷாட் போட்டு ஜாஸை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனார். அப்போது தடுக்க ஓடி வந்தவர் பார்க்லியேதான்! அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் புல்ஸிடமே தோல்வி. 1998இல் ஜோர்டன் புல்ஸுக்கு முன்னிலை தந்த பிறகு ஸ்டாக்டன் எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் விழவில்லை.

தனி ஆட்டத்திறனில் பார்க்லி ஒரு படி மேல், சரி. ஆனால் கோப்பை அணிக்கானது. சக வீரரை இத்தனை முறை புள்ளி எடுக்க வைத்த ஸ்டாக்டனுக்கே என் ஓட்டு.