சமையல் மேடை: தேக்கா, கிரானைட்டா?

வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. மேடை 10 அடி நீளம், 2 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம்.

செலவு:
கிரானைட் - சதுர அடி 200 ரூபாய் என்றால் கல்லுக்கு 4,000.
தேக்கு - ஒன்றரை அங்குலக் கனத்துக்கு 2.5 கன அடி வேண்டும், சேதாரம் தனி. கன அடி 3,000 என்றாலே 7,500. அப்புறம் தச்சர் கூலி, இழைப்பு, எண்ணெய்ப் பூச்சு.

தாங்கும் திறன்:
கிரானைட் - சூடான குக்கரை அப்படியே இறக்கலாம்.
தேக்கு - வட்டமாகக் கருகும். அக்கா வீட்டில் தண்ணீர் பட்டு சிங்க் ஓரம்தான் முதலில் கறுத்தது. விரலால் அழுத்தினால் மரம் அமுங்கியது.

பராமரிப்பு:
கிரானைட் - துடைத்தால் போதும்.
தேக்கு - அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும். ஆனால் கீறலை உப்புத்தாளால் தேய்த்தே போக்கிவிடலாம்.

தினமும் மூன்று வேளை சமைக்கும் வீட்டுக்குக் கிரானைட்தான் சரி. மரம் ஆசையாக இருந்தால், தண்ணீர் படாத பக்கம் காய் நறுக்க 3 அடி மட்டும் போடுங்கள்.