குண்டா, தரையிறக்கமா, முற்றுகையா?

என் அம்மப்பா மலாயாப் பென்சன்காரர். ஜப்பான்காரர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்துக் கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்தவர். அணுகுண்டு விழுந்திராவிட்டால் தான் ஊர் திரும்பியிருக்க முடியாது என்று சாகும்வரை சொன்னார். விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடி வளர்ந்த எனக்கு அதற்குத் தலையாட்ட வரவில்லை.

1945இல் ஜப்பானைப் பணியவைத்துப் போரை முடிக்க வழி எது என்றால், அணுகுண்டா, படைகளின் தரையிறக்கமா என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் நடந்த சண்டையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் அவர்களைவிடப் பல மடங்கு பொதுமக்களும் மாண்டதைப் பார்த்தால், தரையிறக்கமே ஆகக் கொடியது. ஆனால் ஜப்பானின் தென்தீவான கியூஷூவில் இறங்கக் குறித்த நாள் 1945 நவம்பர் 1. குண்டுகள் விழுந்ததோ ஆகஸ்ட் 6இலும் 9இலும். இடையில் கிடந்த மூன்று மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கப்பல்களை மறித்து ஜப்பானைப் பட்டினி போடும் முற்றுகை சாதுவானதாகத் தோன்றும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்தவருக்கு அந்த மயக்கம் வராது. பட்டினி முதலில் தொடுவது குழந்தைகளையும் முதியவர்களையும்தான். அம்மப்பாவின் கட்சி வலுப்பதும் இங்கேதான்: ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் காவுகொண்ட ஆட்சி, முற்றுகை நீளும் ஒவ்வொரு மாதமும் மலாயாவில் நீடித்திருக்கும்.

நான்காவது வழிக்குத் தாளும் பேனாவும் போதும். சக்கரவர்த்தி அரியணையில் இருக்கலாம் என்று உறுதி கொடுக்கும்படி அமெரிக்கப் போர்ச் செயலர் ஸ்டிம்சனே ஜூலையில் யோசனை சொன்னார். ஜப்பானைச் சரணடையக் கேட்ட ஜூலை 26 போட்ஸ்டாம் அறிக்கையில் அந்த வரி இல்லை. கடைசியில் ஹிரோஹிட்டோ 1989 வரை அரியணையில்தான் இருந்தார். அந்த வரி இருந்திருந்தால் மட்டும் போர் நின்றிருக்குமா? சந்தேகம்தான். சமரசத்துக்கு ஜப்பான் நம்பியிருந்த சோவியத் யூனியன் ஆகஸ்ட் 9 அதிகாலை மஞ்சூரியாவில் புகுந்த பிறகும், டோக்கியோவின் போர்ச் சபை சரணடையும் நிபந்தனைகளில் மூன்றுக்கு மூன்றாகப் பிளந்து நின்றது.

ஆகவே ஹிரோஷிமாவை வைத்து அம்மப்பாவோடு வாதாடலாம். அங்கும் நான் இணங்கவில்லை, ஆனால் அவர் தரப்பு எனக்குப் புரிகிறது. நாகசாகிக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. முதற்குண்டுக்குப் பின் மூன்றே நாள். அந்தச் சபை கூடியிருந்தபோதே செய்தி வந்தது. குறிவைத்த ஊர்கூட அதுவல்ல, கொக்குரா. அங்கே இலக்கு கண்ணில் படாததால் விமானம் நாகசாகிப் பக்கம் திரும்பியது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர்.

அதைக் கேட்டால் அம்மப்பா வெற்றிலையை மென்றபடி ரயில்பாதைக் கதைக்கே திரும்பிவிடுவார்.